பிரஜாவுரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள்

தோழர்களே, குடியுரிமை என்றதும் நம் கூட்டங்களில் அசாம் வருகிறது. 2019இல் அங்கே தேசியக் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு 71 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் பேசுகிற ஏறக்குறைய 7 லட்சம் உழைப்பாளிகளை ஒரு நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாக்கியது. அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர். அந்த வரலாறு நம் படிப்பு வட்டங்களில் அதிகம் வருவதில்லை. வந்தாலும் "இலங்கைத் தமிழர் பிரச்சினை" என்ற பெரிய தலைப்புக்குள் ஒரு பத்தியாகக் கரைந்துபோகிறது.

ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட பிரதமர்களின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. நான் இங்கே எழுத விரும்புவது வேறு ஆட்களைப் பற்றி. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்கள், பிறப்புச் சாட்சிப் பத்திரம் தேடி அலைந்தவர்கள், மேல்முறையீடு போட்ட சட்டத்தரணிகள், படிவத்தை மடியில் வைத்து நிரப்பிய தோட்டப்புற இளைஞர்கள். மலையகத்தில் குடியுரிமை என்று சொல்ல மாட்டார்கள். "பிரஜாவுரிமை" என்பதே அங்கே புழங்கும் சொல். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் ஒரு கையால் தள்ள, கங்காணியின் முன்பணம் மறு கையால் இழுத்தது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி அடுக்கில் மேலே இருந்தவர்கள். கடன் கங்காணியின் கையில், வேலை துரையின் கையில், பெயர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில். லயத்தில் எந்தக் காம்பரா யாருக்கு என்பதிலும் சாதி இருந்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது யாரோ சொன்ன கதை. போனவர்களோடு சேர்ந்து அதுவும் கப்பல் ஏறியது.

1931இல் டொனமூர் சீர்திருத்தம் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொடுத்தது. இந்தியாவில் நம் பாட்டன்மாருக்கு அது கிடைக்க இன்னும் 20 ஆண்டு ஆயிற்று. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கும் நிபந்தனை வைத்தார்கள். அதையும் தாண்டி வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 7 இடங்கள் கிடைத்தன. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. இவர்கள் வென்ற தொகுதிகளுக்கு வெளியேயும் பல இடங்களில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. கொழுந்து பறிக்கும் கை ஆட்சியை ஆட்டும் என்பதை டி.எஸ். சேனநாயக்காவின் அரசு அப்போதுதான் கண்ணால் பார்த்தது.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் "இந்தியர்" என்று ஒரு சொல் இல்லை, "கூலி" என்று ஒரு சொல் இல்லை. எல்லாருக்கும் பொதுவான சட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு சிங்கள விவசாயியிடம் போய் உன் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. கேட்கப்பட்டது லயத்தில் இருந்தவர்களிடம் மட்டும். எழுத்தில் சமத்துவம், நடைமுறையில் குறி என்பது சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்குப் புரியாத விஷயம் அல்ல.

சட்டம் தகப்பன் வழியை மட்டுமே எண்ணியது என்பதையும் கவனியுங்கள். தேயிலைத் தோட்டம் பெண்களின் உழைப்பில் நிற்கிறது. ஒரு பெண் 30 வருடம் கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியிருந்தாலும், அவள் வழியாக அவள் பிள்ளைக்கு நாடு வராது. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று இலங்கைச் சட்டம் திருத்தப்பட 2003 வரை ஆயிற்று.

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். பறித்ததைக் கேட்டு வாங்கிக்கொள் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தலைமை இங்கேதான் உடைந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார். இதை விரிவாகப் பேச வேறு இடம் உண்டு.

1949 சட்டத்தின் நிபந்தனைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், தோழர்களே. நம்மில் பலர் சட்டம் படிக்கிறீர்கள், உங்களுக்காகவே சொல்கிறேன். 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்: திருமணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம். அந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையும் தொடர்ச்சி அறுந்திருக்கக் கூடாது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தனியாக வதிவு நிபந்தனை. நிச்சயமான வருமானம் அல்லது தொழில் செய்யும் தகுதி. உறுதிமொழிப் பத்திரம். அதன் பிறகு விசாரணை அதிகாரி. அவர் சம்மதித்தாலும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம் என்று பொது அறிவிப்பு. இவ்வளவையும் 1951 ஆகஸ்ட் 5க்குள் ஆரம்பித்துவிட வேண்டும். இரண்டே வருடம்.

இப்போது ஒரு லயத்துக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்தக் காகிதம் இருக்கும்? பழைய துண்டு ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். யுத்த காலத்து அரிசிப் பங்கீட்டுப் புத்தகம் இருக்கலாம். மற்ற எல்லாம் தோட்டத்து ஆபீசில். வேலைக்குப் பேர் பதிந்த தேதி, விலகிய தேதி, பிள்ளை பிறந்த தேதி எல்லாம் துரையின் அலமாரியில். தோட்டம் மாறியவர்கள் பழைய தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்தவனுக்கு எந்தத் துரை சந்தோஷமாகக் கடிதம் கொடுப்பான்?

பெயர் இன்னொரு சிக்கல். கருப்பன், முத்து, மாரியாயி, ராமாயி. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். பிறப்பைப் பதிந்தவர் ஒரு எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், செக்ரோல் எழுதியவர் இன்னொன்றில், பங்கீட்டுப் புத்தகத்தில் மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆளுடையது. நம் ஊரில் ஆதார் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் இனிஷியல் வேறாக இருப்பதால் உதவித்தொகை நின்றுபோன மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு நின்றது உதவித்தொகை. அவர்களுக்கு நின்றது நாடு.

காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பறித்த உரிமையை மனுப்போட்டு வாங்குவதா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தது, பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்கள். இருந்த இரண்டு வருடத்தில் ஒரு பெரும் பகுதி கொள்கை விவாதத்தில் போயிற்று. புறக்கணிப்பின் விலையை விவாதித்தவர்கள் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. கங்காணியாகப் போய்த் தோட்ட உரிமையாளரானவரின் மகன் தொண்டமான். அவரைப் போன்றவர்களிடம் காகிதம் இருந்தது, கடிதம் எழுத ஆள் இருந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் வரிசையில் நின்றவர்களிடம் இரண்டும் இல்லை.

முடிவு மாறிய பிறகு நடந்த வேலை அசாதாரணமானது. சங்கக் காரியாலயங்களில் விண்ணப்பம் எழுதும் வேலை நடந்தது. ஆங்கிலம் தெரிந்த கிளாக்கர்கள், தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்கள், பட்டணத்தில் கடை வைத்திருந்தவர்களின் படித்த பிள்ளைகள் எழுதினார்கள். சமாதான நீதவானின் முன்னால் கையெழுத்துக்கு, அதாவது பெரும்பாலும் கைநாட்டுக்கு, ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் காலக்கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தவை சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள். அவற்றுக்குள் குடும்பமாக அடங்கியவர்கள் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் அளவில். 1946 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் மொத்தமே 7 லட்சத்து 80 ஆயிரம். கிட்டத்தட்ட முழுச் சமூகமும் "நான் இந்த நாட்டு ஆள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. தோட்டத் தொழிலாளி இந்தியாவுக்குப் போகத்தான் ஆசைப்பட்டான், இலங்கையை அவன் நாடாக நினைக்கவில்லை என்று கொழும்பில் அன்று சொன்னார்கள், இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது.

விசாரணைகள் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தன. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பதினாறு.

மற்றவர்களை நிராகரிக்கக் காரணங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போய் நாளாகித் திரும்பியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. தாய்க்கு மணியார்டர் அனுப்பியிருந்தால் மனம் இந்தியாவில் இருக்கிறது. சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டை அனுமதித்தது. சட்டத்தரணிகள் போனார்கள், சில வழக்குகள் வென்றன, அந்தத் தீர்ப்புகள் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இன்றும் கிடக்கின்றன. ஆனால் மேல்முறையீடு என்பது கட்டணம், கொழும்புப் பயணம், பல மாதக் காத்திருப்பு. சட்டத்தில் இருந்த கதவு, அதைத் திறக்கக் காசு உள்ளவனுக்கு மட்டும் கதவாக இருந்தது.

சட்டத்தின் வேரையே வெட்டப் பார்த்த வழக்கும் ஒன்று உண்டு. ருவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டார் கோடகன் பிள்ளை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத சுமையை ஏற்றும் சட்டம் செல்லாது என்று சொன்னது. அதை வைத்து வாதாடினார்கள். பட்டியல் மீளாய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அந்த வாதத்தை ஏற்று, பிரஜாவுரிமைச் சட்டமே செல்லாது என்று முடிவு சொன்னார். ஒரு கீழ்நிலை அதிகாரி காட்டிய அந்தத் தைரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அரசு உயர் நீதிமன்றம் போய் அதை ரத்து செய்தது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அரசு பக்கமே நின்றது. யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது எந்த நாடாளுமன்றத்துக்கும் இயல்பான வேலை, இந்தச் சட்டம் சமூகம் பார்க்கவில்லை, வதிவைத்தான் பார்க்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். அதற்கு முந்தைய வருடம்தான், 1952இல், காங்கிரஸ் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களிக்கும் இடத்தில் இல்லை. காங்கிரசிலிருந்து ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மீதி 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்க்கலாம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களை மாட்டுச் சந்தையில் பிரிப்பது போலப் பிரித்தார்கள் என்று அந்த மக்கள் சொல்லுவதில் மிகை ஒன்றும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்தில் முழங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, இந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது சிறிமாவோவின் கூட்டரசில் உட்கார்ந்திருந்தது. இடதுசாரித் தோழர்களோடு பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

மறுபடியும் படிவங்கள். இப்போது இரண்டு வரிசை. ஒன்று இலங்கைப் பிரஜாவுரிமைக்கு, இன்னொன்று இந்தியப் பிரஜாவுரிமைக்கு. இந்திய வரிசை கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குப் போயிற்று. மொத்தக் கணக்கு ஒப்பந்தத்துக்கு நேர் எதிராக வந்தது. இந்தியாவைக் கேட்டவர்கள் சுமார் 4 லட்சம், இலங்கையைக் கேட்டவர்கள் அதைவிட மிக அதிகம். மக்கள் கேட்டது ஒன்று, அரசுகள் ஒதுக்கியது இன்னொன்று. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று பிரிந்தது. அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கினார்கள். அப்படி வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

இங்கே வந்த கதையை நம் இயக்கம் தனியாக எழுத வேண்டும். நீலகிரியில் அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைய டான்டீ. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் இருந்தார்கள். உள்ளூரில் "சிலோன்காரன்". சாதிச் சான்றிதழ் கேட்டால் தாசில்தார் அலுவலகத்தில் "உங்க பூர்வீகம் எது, தாத்தா எந்த ஊர், அத்தாட்சி எங்கே" என்ற கேள்வி. தாத்தா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று அங்கே நாட்டைக் கொடுக்கவில்லை. தாத்தா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று இங்கே இட ஒதுக்கீட்டைக் கொடுக்கவில்லை. தீண்டாமை மட்டும் இரண்டு கரையிலும் அத்தாட்சி கேட்கவில்லை.

இலங்கையில் மிஞ்சியவர்களுக்கு இந்தக் காகிதம் உயிர்ப் பிரச்சினையாகவும் ஆயிற்று. 1977 கலவரத்தில் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போனபோது காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. எஸ்.ஏ. டேவிட்டும் டாக்டர் ராஜசுந்தரமும் நடத்திய அமைப்பு அது. 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். யுத்தம் மூண்ட பிறகு கப்பலும் நின்றுபோனது. இந்தியப் பாஸ்போர்ட் கையில், ஆள் லயத்தில் என்று பல ஆயிரம் பேர் மாட்டிக்கொண்டார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாத தமிழ் இளைஞன் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிரஜாவுரிமை இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது பெரும்பாடு.

1986 தைப்பொங்கலையொட்டித் தொண்டமான் பிரார்த்தனை இயக்கம் என்று ஒன்றை அறிவித்தார். பெயர்தான் பிரார்த்தனை, உள்ளே இருந்தது வேலைநிறுத்தம். தேயிலை நின்றால் கொழும்பு என்ன ஆகும் என்பது அமைச்சராகவும் இருந்த அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் மீது விமர்சனம் எனக்கு நிறைய உண்டு, ஆனால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிழை சொல்ல மாட்டேன். அதே ஆண்டு நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் வந்த சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இன்னும் முக்கியமானது. சத்தியக் கடதாசி, அதாவது உறுதிமொழிப் பத்திரமே சான்றாகப் போதும் என்ற நிலை வந்தது. தாத்தாவின் பத்திரத்தைத் தேடும் நாற்பது வருட வேலை அங்கேதான் முதல்முறையாகக் குறைந்தது.

முழுதாக முடிந்தது 2003இல். அக்டோபரில் நாடாளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை. வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எதுவும் இல்லாதவர்களுக்குச் சட்டமே கொடுத்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிப் போகாமல் நின்றவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் போதும்.

ஆனால் சட்டம் கொழும்பில் இருந்தது, மக்கள் மலையில் இருந்தார்கள். இந்த இடத்தில்தான் தொண்டர்கள் வருகிறார்கள். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையம், அரசு, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மூன்றும் சேர்ந்து ஒரு நடமாடும் சேவையை ஏற்பாடு செய்தன. பல நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தோட்டப்புறங்களில் சுமார் 50 பதிவு மையங்கள். வானொலியிலும் பத்திரிகையிலும் தமிழில் விளம்பரம். மக்கள் ஆபீசுக்குப் போகவில்லை, ஆபீஸ் மக்களிடம் வந்தது. படிவத்தைத் தொண்டர் நிரப்புவார், படித்துக் காட்டுவார், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார், அதிகாரி ஒப்பமிடுவார். பத்தே நாளில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு பத்து வருடத்துக்கு மேல் விசாரித்து 1 லட்சத்து 34 ஆயிரம். இப்போது பத்து நாளில் 1 லட்சத்து 90 ஆயிரம். 1951இல் எழுதியவர்கள் சோம்பேறிகளும் இல்லை, 2003இல் எழுதியவர்கள் மந்திரவாதிகளும் இல்லை. முதல் முறை நிரூபிக்கும் சுமை கூலிக்காரனின் தலையில் இருந்தது. இரண்டாம் முறை அதை அரசு இறக்கி வைத்தது. தொண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சட்டம் சுமையை எங்கே வைக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. அதே நேரம், இறக்கி வைத்த சட்டமும் தொண்டர்கள் இல்லாமல் லயத்து வாசலுக்குப் போயிருக்காது.

2003க்குப் பிறகும் வேலை தீரவில்லை. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியிலேயே, 200 ஆண்டு நினைவாக நடந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முதலில் இருந்தன. பிரஜாவுரிமை வந்து 20 வருடம் ஆகியும் நிற்கிற இடம் சொந்தமில்லை.

கடைசியாக நம் மாநிலத்துக்கு வருகிறேன். 1983க்குப் பிறகு அகதியாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் பல ஆயிரம் பேர் மலையக வம்சாவளியினர். அவர்களின் தாத்தா பாட்டி இதே திருச்சி, புதுக்கோட்டைக்காரர்கள். ஆனாலும் இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் உரிய ஆவணம் இல்லாமல் வந்த "சட்டவிரோதக் குடியேறிகள்". அந்த முத்திரை விழுந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வழி அடைபடும். 2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 65 பேரின் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்களின் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டவரைப் பட்டியலிட்டது. இலங்கை அதில் இல்லை.

சட்டம் படிக்கும் தோழர்கள் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை வைத்துத்தான் 2022இல் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக வாக்களித்தார். அவர் கையில் இருந்த முக்கியமான சான்று மண்டபத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழ்.

1983க்கும் 1987 ஜூலைக்கும் இடையில் முகாம்களில் பிறந்தவர்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அவர்களுக்கு இன்று 40 வயது சுமார். பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. பிறப்புப் பதிவேடு ஊராட்சியிலோ, அரசு மருத்துவமனையிலோ, வட்டாட்சியர் அலுவலகத்து மூட்டையிலோ கிடக்கும். பெயரில் எழுத்து மாறியிருக்கும், தகப்பன் பெயர் தவறியிருக்கும். தேடி எடுத்து, நகல் வாங்கி, திருத்த மனு எழுதி, சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞரைச் சேர்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் முகாம் இருந்தால் வயது வாரியாக ஒரு பட்டியல் எடுத்து ஆரம்பியுங்கள். முதல் கேள்வி பிறந்த தேதி, இரண்டாவது பிறந்த இடம்.